சீத்தா கேம்ப் முதல் சீவுட்ஸ் வரை: பம்பாய்ச் சேற்றோரத்தில் சில நாட்கள்

பிப்ரவரி 13, வெள்ளி. சீத்தா கேம்ப்

மான்குர்து ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோவில் ஏறினால் மூக்கே வழி சொல்லிவிடும். முதலில் லாரிப் புகை, அப்புறம் காற்று அந்தப் பக்கம் திரும்பினால் தேவ்னார் குப்பைமேடு. உப்பும் சேறும் கலந்த வாடை அடித்ததும் இறங்கிக்கொள்ளலாம், சீத்தா கேம்ப் வந்துவிட்டது.

அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. நேரில் போய்ப் பார்த்துவிட்டு வா என்று அப்பா அனுப்பினார். எனக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. சொந்த ஊர் கிள்ளை. பிச்சாவரம் படகுத்துறை பக்கத்திலேயே. அலையாத்திக் காட்டைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன், இப்போது பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன். பம்பாய்க்குள் ஒரு பெரிய அலையாத்திக் காடு இருக்கிறது, அதுவும் வளர்ந்துகொண்டே போகிறது என்று படித்ததிலிருந்து பார்க்கவேண்டும் என்று இருந்தது. சாக்கடைக்கு நடுவில் காடு எப்படி வளரும்?

அத்தை கறுப்புக் கண்ணாடியோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். திண்ணை என்றால் நம்மூர்த் திண்ணை இல்லை, ஒன்றரை அடி சிமெண்ட் மேடை. "என்ன கண்ணு, ரெண்டா தெரியுற, அப்பவாச்சும் கொஞ்சம் சதை பிடிச்ச மாதிரி இருக்கு" என்றார். வெள்ளிக்கிழமை ஆதலால் கவுச்சி இல்லை. சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், சோறு, அதோடு பாவ். சாம்பாரில் பாவ் தோய்த்துச் சாப்பிடுவதை அந்த வீட்டில் யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. எனக்கும் இரண்டாவது பாவிலேயே பழகிவிட்டது.

அத்தை கல்யாணமாகி வந்தது ஜனதா காலனிக்கு. பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்கு அந்த நிலம் வேண்டும் என்று 1976 மே மாதம், நெருக்கடி நிலைக் காலத்தில், மொத்தக் காலனியையும் காலி செய்து கடல்நீர் ஏறி இறங்கும் இந்தத் தானே கழியின் ஓரத்தில் கொண்டுவந்து விட்டார்கள். அப்போது அத்தைக்குப் பதினெட்டு வயது. "லாரியில ஏத்திட்டு வந்து கோடு போட்ட மண்ணுல இறக்கி விட்டுட்டுப் போயிட்டான். அமாவாசை, பவுர்ணமிக்கு அடுப்படி வரைக்கும் தண்ணி வரும். கல்லு, கட்டட இடிசல், குப்பை, எது கிடைச்சாலும் கொட்டிக் கொட்டித்தான் மேடாக்குனோம்" என்றார். 2018 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம், அலையாத்தியை அழிப்பது குடிமக்களின் அடிப்படை உரிமையைப் பறிப்பது, காட்டைச் சுற்றி 50 மீட்டருக்குக் கட்டடமே கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அந்த 50 மீட்டருக்குள் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது யார் என்று அத்தை கேட்டால் நான் என்ன சொல்வது?

சாயங்காலம் பின்பக்கம் போய்ப் பார்க்கலாமா என்றேன். மச்சான் சிரித்தான். "ஊர்லேருந்து வர்றவங்க கேட்வே, ஜூஹூ பீச்னு கேப்பாங்க. நீ சாக்கடைய சுத்திக் காட்டுன்னு கேக்குற பாரு."

கடைசிச் சந்து முடிந்ததும் காடு. நடுவில் ஒரு வேலிகூட இல்லை. எல்லாம் வெண்கண்டல் மரங்கள். பிச்சாவரத்தில் வாய்க்கால் ஓரமெல்லாம் கால் பரப்பி நிற்கும் சுரபுன்னை இங்கே ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அழுக்குத் தண்ணீரையும் அதிக உப்பையும் தாங்குவதில் வெண்கண்டலை மிஞ்ச ஆள் இல்லை. ஓர் இலையைக் கிள்ளி மேல்பக்கத்தை நாக்கில் வைத்துப் பார்த்தேன், அதே உப்புக் கரிப்பு. வேர் வழியாக உள்ளே போன உப்பை இலை வழியாகக் கக்கிவிடும் மரம் இது. மச்சான் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

குனிந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வெண்கண்டலின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து விரல் கனத்தில் ஒரு சாண் உயரத்துக்கு நேராக மேலே நிற்கும். தண்ணீர் வடிந்திருக்கும் நேரத்தில் அவற்றின் துளைகள் வழியாகத்தான் மரம் மூச்சு வாங்குகிறது. இங்கே கண்ணுக்கு எட்டிய வரை ஒவ்வொரு வேரிலும் ஏதாவது ஒன்று மாட்டியிருந்தது. பால் கவர், குர்குரே பாக்கெட், கிழிந்த துப்பட்டா, மாத்திரை அட்டை. ஒரு வேரில் குழந்தையின் சாக்ஸ் ஒன்று தலைகீழாக, அளவெடுத்துத் தைத்த மாதிரி. பக்கத்தில் யாரோ கட்டட இடிசலைக் கொட்டி மேடாகக் கிடந்தது. அந்த மேட்டை ஒட்டி நின்ற ஏழெட்டு மரங்கள் உச்சியிலிருந்து காய்ந்துவந்தன. வேர்நுனி மண்ணுக்குள் புதைந்துவிட்டால் அப்படித்தான் ஆகும்.

கொசு வேலையைத் தொடங்கியதும் திரும்பிவிட்டோம்.

பிப்ரவரி 14, சனி. ஐரோலி

வனத்துறையின் கடலோரப் பல்லுயிர் மையம் ஐரோலியில் இருக்கிறது. ரயில் மாறி, ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடித்துப் போனோம். மீட்டர் 26 ரூபாயில் தொடங்கியது, காட்டியதற்கு மேல் ஒரு பைசா கேட்கவில்லை, மீதிச் சில்லறையை எண்ணிக் கையில் வைத்தார். சிதம்பரம் ஸ்டேஷன் வாசலில் நடக்கும் பேரத்தை நினைத்துக்கொண்டேன்.

பூநாரைக்காகத்தான் கூட்டம். படகில் எங்களோடு குஜராத்திக் குடும்பம் ஒன்று ஏறியது. லைஃப் ஜாக்கெட் போட்டு முடிப்பதற்குள் டப்பா திறந்துவிட்டது. தேப்லா, மாங்காய்ச் சுண்டா, பொரித்த மிளகாய். வேண்டாம் என்றால் விடவில்லை. "படகுல போறப்ப பசிக்கும்" என்று அந்த அம்மாள் இந்தியில் சொல்லிக் கையில் திணித்தார். படகு கிளம்பவே இல்லை, பசிக்க ஆரம்பித்துவிட்டது.

கழி அகலமாகத் திறந்துகொண்டதும் ரோஜா நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. நெருங்க நெருங்கக் கோடு ஆயிரக்கணக்கான கால்களாகப் பிரிந்தது. நம் கோடியக்கரைக்கு வருகிறவற்றில் பெரிய பூநாரையே அதிகம். இங்கே பெரும்பாலும் சின்னப் பூநாரை. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் அலசி அலசி நீலப்பச்சைப் பாசியை வடிகட்டித் தின்கின்றன. இறகின் நிறமே அந்தப் பாசியிலிருந்து வருவதுதான். நவம்பர் வாக்கில் வந்து மே கடைசி வரை இருக்கும். சில ஆண்டுக் கணக்கெடுப்புகளில் ஒரு லட்சத்தையும் தாண்டியிருக்கின்றன.

படகில் வந்த வழிகாட்டிப் பையன் நன்றாகப் பேசினான். 2012-இல் மகாராஷ்டிரா அரசு அலையாத்திக்கென்றே தனிப் பிரிவு தொடங்கியது, 2015-இல் இந்தப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது, 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது என்று வரிசையாகச் சொன்னான். எங்கள் பிச்சாவரமும் அதே 2022-இல்தான் ராம்சர் ஆனது என்றேன். "அப்ப நாம பங்காளி" என்று கை கொடுத்தான்.

இவ்வளவு பாசி எங்கிருந்து என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான். பாண்டூப், காட்கோபர் பக்கத்துக் கழிவுநீர் எல்லாம் கடைசியில் இந்தக் கழிக்குத்தான் வருகிறது. அதில் இருக்கும் சத்தில்தான் பாசி தழைக்கிறது. தொண்ணூறுகளுக்கு முன்னால் இத்தனை பூநாரை இங்கே கிடையாதாம். ஆக, பறவையைப் பார்த்துவிட்டுக் கழி சுத்தமாக இருக்கிறது என்று யாராவது முடிவு கட்டினால் தலைகீழ்ப் பாடம். கழிவு இன்னும் கூடினால் தண்ணீரில் ஆக்ஸிஜன் போய்விடும், பூநாரையும் நிற்காது. சுத்தமுமில்லாத, முற்றிலும் அழுகவுமில்லாத ஒரு நடுநிலையில் இந்தக் கூட்டம் மேய்கிறது.

அவன் இன்னொன்றும் காட்டினான். கரையோரம் உயரமான மரங்கள், அதற்கு முன்னால் இடுப்பளவுச் செடிகள், அதற்கும் முன்னால் முழங்கால் உயரக் கன்றுகள், அப்புறம் வெறும் சேறு. படிப்படியாகக் காடு தண்ணீருக்குள் இறங்கி வருகிறது. யாரும் நட்டதில்லை. வண்டல் படிந்து மேடாகும் இடத்தில் விதை ஒதுங்கி முளைத்துக்கொள்கிறது. மேலிருந்து படம் எடுத்தால் பச்சை கூடியிருக்கும், கழி ஒடுங்கியிருக்கும்.

மையத்துக்குள் கண்ணாடித் தொட்டிகள், மரப்பலகை நடைபாதை, எல்லாம் பளிச்சென்று வைத்திருக்கிறார்கள். 2020-இல் மாநில அலையாத்தி மரமாக அறிவித்த வெள்ளைச் சிப்பி மரத்தின் விளக்கப் பலகையும் இருந்தது. இரவில் மலர்ந்து காலையில் உதிரும் பூ. நாங்கள் போனது நண்பகல்.

வெயில் 33-ஐ ஒட்டி. ஸ்டேஷன் பக்கம் மிசல் பாவ், தட்டு 80 ரூபாய். மேலே மிதந்த சிவப்பு எண்ணெயைப் பார்த்து ஆந்திராக்காரனே யோசிப்பான். மச்சான் இரண்டாவது தடவை குழம்பு வாங்கிக்கொண்டான், கூடுதல் குழம்புக்குக் காசு இல்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு. தாராவி, மித்தி ஆறு

சிவராத்திரியும் ஞாயிறும் சேர்ந்துகொண்டன. பஸ் கட்டணம் 15 ரூபாய், பஸ்ஸுக்குள் இருந்த நேரம் ஒன்றே முக்கால் மணி. பக்கத்து சீட்டில் விரதம் இருந்த மராத்திப் பெரியவர் ஒருவர், செம்பூர் தாண்டியதும் பையிலிருந்து ஜவ்வரிசிக் கிச்சடி எடுத்தார். தனக்கு முன்னால் என்னிடம் நீட்டினார். வேர்க்கடலைப் பொடி, பச்சை மிளகாய், கொஞ்சம் சர்க்கரை. விரதம் என்று சொல்லிக்கொண்டு இவ்வளவு ருசியாகச் சாப்பிடுவது நியாயமா என்று தெரியவில்லை.

தாராவி 90 அடி ரோட்டில் கால் வைத்ததும் காது தமிழுக்கு மாறிவிட்டது. தமிழ்ப் பெயர்ப்பலகை, தமிழ்ச் சுவரொட்டி, டீக்கடையில் திருநெல்வேலிப் பேச்சு. இட்லி இரண்டு 30 ரூபாய், சட்னி கெட்டியாக இருந்தது. மச்சானுக்குத் தெரிந்த தோல்பைக் கடை அண்ணாச்சி ஒருவர், வேலை இல்லாத நாள் என்பதால் எங்களோடு கிளம்பிவிட்டார். பாலத்துக்குப் போய் நின்றோம்.

கீழே மித்தி. விகார் ஏரி வழிந்து வரும் தண்ணீரில் தொடங்கி 18 கிலோமீட்டர் ஓடி மாகிம் கழியில் கலக்கிற ஆறு. ஓடி என்று எழுத மனம் வரவில்லை, நகர்ந்து என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் இஞ்சின் ஆயில் நிறத்தில் இருந்தது. அக்கரையில் பாந்த்ரா-குர்லா வளாகத்தின் கண்ணாடி மாளிகைகள். அவை நிற்பதும் சதுப்பை நிரப்பிய மண்மேல்தான். ஆறு விரிந்து படுக்க இருந்த இடத்தில் இன்று வங்கிகள் இருக்கின்றன.

2005 ஜூலை 26 பற்றிக் கேட்டேன். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டிய நாள். அண்ணாச்சி கையை நெஞ்சுக்கு நேராக வைத்துக் காட்டினார். "இம்புட்டுத் தண்ணி, தம்பி. தோலு பூராவும் ஊறி நாறிட்டு. மழ விட்டப்பொறவும் தண்ணி எறங்க மாட்டேங்குது. எங்கன எறங்கும்? அங்கன கடலு ஏறி நிக்கி." ஓதம், அதாவது கடல் பெருக்கு, ஏறிய நேரத்தில் ஆற்றுத் தண்ணீர் கடலுக்குள் போக முடியாமல் திரும்பியது. ஆற்றின் வயிற்றில் சேறு, கரையில் கட்டடம், வாயில் கடல்.

அதற்கப்புறம் ஒவ்வொரு கோடையிலும் மித்தியில் சேறு வாருகிறார்கள். கோடிக்கணக்கில் செலவு. வாரியதாகக் காட்டிய சேற்றின் கணக்கில் மோசடி என்று 2025-இல் போலீஸ் வழக்கே பதிவானது. அண்ணாச்சிக்கு அதில் ஆச்சரியம் இல்லை. "சேத்துல கையி வெச்சவன் நக்காம இருப்பானா?" என்றார். பழமொழியில் வருவது தேன் என்று நான் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் நல்ல சேதி. தாராவிப் பக்கக் கரையிலேயே மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா இருக்கிறது. 37 ஏக்கர். ஒரு காலத்தில் நகரத்துக் குப்பையைக் கொட்டிய மேடு, மண் மூடி மரம் நட்டு வளர்த்து 1994-இல் பூங்காவாகத் திறந்தார்கள். நாங்கள் வெளியே நின்று பார்த்ததோடு சரி, நேரம் போய்விட்டது. மதிலுக்கு மேல் தெரிந்த மரங்களை வைத்து அடியில் குப்பை இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. அதை ஒட்டியே ஆற்றோரத்தில் வெண்கண்டல், வழக்கம்போல் பாலித்தீன் சூடி.

பிப்ரவரி 16, திங்கள். டிராம்பே

உடம்பெல்லாம் வலிக்கிறது. கொசுக்கடி எண்ணிக்கையில் அடங்காது. இருந்தாலும் இன்றைய கதையை இன்றே எழுதிவிட வேண்டும்.

டிராம்பே படகுத்துறையில் மச்சானுக்குப் பழக்கமான கோலி சமூகத்து மீனவர் ஒருவர் இருக்கிறார். எல்லாரும் காகா என்றே கூப்பிடுகிறார்கள். டீசலோடு சேர்த்து 1,500 ரூபாய் பேசி, காலை பத்தரைக்கு ஏறும் ஓதத்தோடு கிளம்பினோம். காகாவின் மனைவி அரிசி ரொட்டியும், வெங்காயம் போட்டு வதக்கிய ஜவளாவும் துணியில் கட்டிக் கொடுத்தார். ஜவளா என்பது நம்மூர்க் கூனி இறால்தான். ஒரு பக்கம் மின் நிலையப் புகைபோக்கி, இன்னொரு பக்கம் தூரத்தில் துறைமுகக் கிரேன்கள், நடுவில் நாங்கள்.

நண்பகல் வரைக்கும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. வாஷி பாலம் தெரியும் வரை வடக்கே போனோம். பாலம் என்று ஒருமையில் சொல்வது தப்பு, ரோட்டுக்கும் ரயிலுக்கும் சேர்த்து வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எத்தனை தூண். தூண் கூடக்கூட நீரோட்டம் மட்டுப்படுகிறது, வேகம் குறைந்த தண்ணீர் சுமந்து வந்த மண்ணை அங்கேயே போட்டுவிடுகிறது என்று காகா கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார், மச்சான் தமிழில் சொன்னான். மண்ணுக்கும் பஞ்சமில்லை. நவி மும்பைப் பக்கம் பார்சிக் குன்றுகளை வெட்டிய குவாரிகள், ஊரெல்லாம் கட்டட வேலை, இரவோடு இரவாகக் கரையில் கொட்டும் இடிசல் லாரிகள். "எங்கப்பா காலத்துல ஓதம் வத்துனாலும் நடுக்கழில படகு போகும். இப்ப நான் கடிகாரத்த பாத்துத்தான் வலை போடணும்."

திரும்பும்போது இஞ்சின் இருமிவிட்டு நின்றது. விசிறியில் நைலான் கயிறும் கோணிச்சாக்கும் சுற்றிக்கொண்டிருந்தன. காகா இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கத்தியால் அறுத்தார். அறுக்க அறுக்க வந்துகொண்டே இருந்தது. கயிறு, அப்புறம் பழைய சேலைத் துண்டு, அப்புறம் பெயர் தெரியாத ஏதோ ஒரு பிளாஸ்டிக் நார். எல்லாம் எடுத்து முடிப்பதற்குள் தண்ணீர் அவர் முழங்காலுக்கு வந்துவிட்டது. நாளைக்கு அமாவாசை. பெருக்கும் பெரியது, வற்றும் பெரியது. நான்கு மணிக்குப் படகு சேற்றில் உட்கார்ந்தது. மறுபடி மிதக்க எட்டு மணி ஆகும் என்று காகா துண்டை விரித்துப் படுத்துவிட்டார்.

இந்த நான்கு மணி நேரத்துக்காகத்தான் பம்பாய் வந்தேன் போல.

தண்ணீர் விலகியதும் சேற்றுக்கு உயிர் வந்தது. ஒரு பக்கக் கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும் நண்டுகள் வளையை விட்டு வெளியே வந்து அந்தக் கொடுக்கை ஆட்டத் தொடங்கின. கண்ணைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு சேற்றில் தாவும் குட்டி மீன்கள், ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு. ஐம்பது அடி தள்ளிப் பூநாரைகள் எங்களைப் பொருட்படுத்தாமல் மேய்ந்தன. மேலே தாழ்வாக விமானங்கள். 2024 மே மாதம் காட்கோபர் பக்கம் விமானம் மோதி முப்பதுக்கும் மேற்பட்ட பூநாரைகள் ஒரே இரவில் செத்து விழுந்ததை மச்சான் நினைவுபடுத்தினான்.

காலை விட்டுப் பார்க்கலாமா என்று எழுந்தேன். காகா கண்ணைத் திறக்காமலேயே அதட்டினார். மச்சான் மொழிபெயர்க்கவில்லை, தேவையும் படவில்லை. அதற்குப் பதில் படகு தள்ளும் மூங்கிலைச் சேற்றில் இறக்கினேன். எந்தத் தடையும் இல்லாமல், இட்லி மாவுக்குள் கரண்டி இறங்குவது போல், ஓர் ஆள் உயரத்துக்குப் போனது. வெளியே இழுத்து அதில் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். மேலே நகக்கனத்துக்குப் பழுப்பு. அதற்குக் கீழே முழுக்கக் கறுப்பு, அழுகிய முட்டை வாடை.

கறுப்பைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. பிச்சாவரத்துச் சேறும் தோண்டினால் கறுப்புதான், அதே முட்டை வாடைதான். காற்றுப் புகாத சேற்றில் இலைதழை மக்கும்போது கந்தக வாயு வரும், எந்த அலையாத்திக் காட்டிலும் அது இயல்பு. வித்தியாசம் என்ன என்றால், மூங்கிலின் நடுப்பகுதியில், ஏறக்குறைய ஒரு கை ஆழத்தில் ஒட்டிக்கொண்டு வந்த ஷாம்பு பாக்கெட். அச்சு அழியாமல் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத சங்கதிகளும் இந்தச் சேற்றில் உண்டு. தானே-பேலாப்பூர் ரோட்டின் ரசாயனத் தொழிற்சாலைகள் எத்தனையோ ஆண்டுகளாக இந்தக் கழியோரத்தில்தான் இருக்கின்றன. பாதரசம், ஈயம் போன்ற கன உலோகங்கள் இந்த வண்டலில் படிந்திருப்பதை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கிறார்கள். நுண்ணிய களிமண் துகளோடு உலோகம் ஒட்டிக்கொள்ளும். காற்றில்லாத கறுப்புச் சேற்றில் கந்தகத்தோடு சேர்ந்து அங்கேயே அடங்கிக் கிடக்கும். தூர்வாருகிறேன் என்று கிளறினால் காற்றுப் பட்டு மறுபடி தண்ணீருக்கு வரும். ஆக, அள்ளவும் பயம், விடவும் பயம்.

அலையாத்திக் காடு இதில் என்ன செய்கிறது? மூச்சுவேர்க் கூட்டம் தண்ணீரின் வேகத்தைத் தடுத்து வண்டலைப் பிடித்து வைக்கிறது. விஷத்தையும் சேர்த்துத்தான் பிடிக்கிறது. அளவாக வந்தால் காட்டுக்குச் சாப்பாடு, அளவு மீறினால் அதே மண் வேரை மூடிவிடும். பிச்சாவரத்தில் எங்களுக்கு இருந்த நோய் வேறு. வெள்ளைக்காரன் காலத்தில் பட்டை பட்டையாகக் காட்டை மொட்டை அடித்ததில் நிலம் குழிந்துபோய், உள்ளே வந்த ஓதம் வெளியேற முடியாமல் தேங்கி, வெயிலில் காய்ந்து, உப்பு ஏறிச் செடியே முளைக்காமல் கிடந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் தொண்ணூறுகளில் ஊர்க்காரர்களோடு சேர்ந்து மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். தண்ணீர் வந்தது, போனது. கன்று பிடித்துக்கொண்டது. அந்தக் காலத்தில் வாய்க்கால் வெட்டப் போனவர்களில் என் பெரியப்பாவும் ஒருவர், கூலிக்குத்தான்.

அதனால் எனக்கு இத்தனை லட்சம் கன்று நட்டோம் என்கிற விளம்பரப் பலகைகள் மேல் எப்போதுமே நம்பிக்கை வருவதில்லை. எத்தனை கன்று என்பதைவிட, தண்ணீருக்கு வரப்போக வழி இருக்கிறதா, வரும் தண்ணீர் எதைச் சுமந்து வருகிறது என்று கேட்க வேண்டும். இங்கே தானே கழியில் நடாமலேயே காடு பெருகுகிறது. பச்சைப் பரப்பு கூடியது என்று அறிக்கையில் எழுதலாம். காகாவின் வலையில் முன்னே வந்த கொடுவா இப்போது அபூர்வம், வருவதில் பாதி மடவை, அதிலும் சில நாள் மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறது என்று வாங்குகிறவர்கள் திருப்பிவிடுகிறார்கள். அந்தக் கணக்கு அறிக்கைக்குள் வராது.

இருட்டியதும் கொசு படையெடுத்தது. காகா எழுந்து பீடி பற்றவைத்து எனக்கும் ஒன்று நீட்டினார். நான் பிடிப்பதில்லை என்றதும், புகையாவது என் பக்கம் வரட்டும் என்று இடம் மாறி உட்கார்ந்தார். எட்டேகாலுக்குப் படகு லேசாக ஆடியது. கரைக்கு வந்ததும் கூடுதலாக 500 ரூபாய் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. சேற்றில் உட்கார்ந்திருந்ததற்குக் காசு வாங்கினால் ஊரில் சிரிப்பார்களாம்.

பிப்ரவரி 17, செவ்வாய். சீவுட்ஸ்

அமாவாசை. அத்தை காலையிலேயே காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டார். பக்கத்து வீட்டு ராவுத்தர் குடும்பத்தில் நோன்புக் கஞ்சிக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள், இந்த வாரம் நோன்பு தொடங்குகிறது. "இருந்து கஞ்சி குடிச்சிட்டுப் போங்க தம்பி" என்றார்கள். நாளை ரயில்.

மச்சான் வேலைக்குப் போய்விட்டதால் தனியாகச் சீவுட்ஸ் போனேன். அங்கே டிபிஎஸ் ஏரி என்று ஒன்று. அடுக்குமாடிகளுக்குப் பின்னால், 30 ஏக்கர். கழியிலிருந்து ஓதத் தண்ணீர் வந்து போகும் இடம். கழியில் தண்ணீர் ஏறிச் சேறு மூழ்கும் நேரத்தில் பூநாரைகள் இங்கே வந்து நின்று ஓய்வெடுக்கும். கடல்நீர் வரும் வழிகள் அடைபட்டு 2024-இல் ஏரி காய்ந்துபோனது. அந்த வருஷம் இந்தப் பக்கம் பூநாரைகள் சில செத்தன. குடியிருப்புக்காரர்கள் விடாமல் மனு போட்டார்கள். 2025-இல் இதைப் பாதுகாப்புப் பகுதியாக்க மாநில வனவிலங்கு வாரியம் ஒப்புதல் கொடுத்தது.

பன்னிரண்டரை மணிக்கு ஓதம் உச்சத்தில் இருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் போனேன். தண்ணீர் இருந்தது. ஒரு ஓரத்தில் பாசி ஏடு கட்டியிருந்தது, மறுபக்கம் தெளிவாக, முந்நூறு நானூறு பூநாரை ஒற்றைக்காலில். வாக்கிங் வந்த அம்மாள் ஒருவர், பாலக்காட்டுத் தமிழ், தினமும் வந்து பறவையை எண்ணி நோட்டில் எழுதுகிறாராம். என் கையில் நோட்டைப் பார்த்ததும், "நீங்களும் எண்றேளா?" என்று கேட்டு அவருடையதைக் காட்டினார். தேதி, மணி, தண்ணீர் மட்டம், எண்ணிக்கை. தண்ணீர் இல்லாத மாதங்களில் வரிசையாக முட்டை முட்டையாக இருந்தது. யாரும் ஒரு செடியும் நடவில்லை, வழியை விட்டார்கள், வந்துவிட்டன என்றார். பெரியப்பா உயிரோடு இருந்தால் இவரோடு நன்றாகப் பேசியிருப்பார்.

ஜூலை 26 உலக அலையாத்தி நாள். எங்கள் பள்ளியில் போன வருஷம்போல இந்த வருஷமும் ஆயிரம் கன்று, பேனர், போட்டோ என்று தலைமையாசிரியர் இப்போதே பேசுகிறார். முடசலோடை பக்கம் தூர்ந்துபோன ஒரு பழைய வாய்க்கால் இருக்கிறது. அதைத் தோண்ட ஒன்பதாம் வகுப்புப் பையன்களைக் கூட்டிப் போகலாமா என்று கேட்டு இன்று வாட்ஸப் அனுப்பினேன். நீல டிக் விழுந்துவிட்டது, பதில் வரவில்லை.

மத்தியானம் காந்தா போஹா 40 ரூபாய், மேலே எலுமிச்சை பிழிந்து.

பிப்ரவரி 18, புதன். ரயிலில்

அத்தை வங்கரவாசிக் கருவாடு ஒரு கிலோ கட்டிக் கொடுத்துவிட்டார். டிராம்பேச் சந்தையில் காகாவின் மனைவி மூலம் சல்லிசாக வாங்கியதாம், விலை மட்டும் சொல்ல மறுத்துவிட்டார். பிளாஸ்டிக், அதன்மேல் பேப்பர், அதன்மேல் துணிப்பை, அதன்மேல் என் பெட்ஷீட் என்று நான்கு கட்டு. கல்யாண் தாண்டுவதற்குள் எதிர் சீட்டுக் குடும்பம் ஜன்னலைத் திறந்தது. புனே வந்ததும் டிடிஇ மூக்கைத் தேய்த்துக்கொண்டு யாருடையது என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மேல் பர்த்திலிருந்து ஒரு தூத்துக்குடிக் குரல்: "வங்கரவாசிதான சார்? பாதி எனக்குக் குடுத்துருங்க, நானும் சேந்து திட்டு வாங்குதேன்."

கால் கிலோவுக்குப் பேசி முடித்தோம்.